கைவசம் நில்லாத பொருள்: கட்டுமானப் பாக்கியும் பற்றுரிமையும், கொங்கு நாட்டு நோக்கில்

1. விஷயத்தின் உருவம்

கோயம்புத்தூரில் பழுதான மோட்டாரை வைண்டிங் கடையில் கொடுத்தவர், வேலை முடிந்ததும் கூலியைக் கொடுத்தாலன்றி அதைத் திரும்ப எடுத்துப் போக முடியாது. கடைக்காரர் யாரிடமும் முறையிட வேண்டியதில்லை. வக்கீலைத் தேட வேண்டியதில்லை. மோட்டார் தம் கடையில் இருக்கும் வரையில் அவருடைய கூலியும் பத்திரமாகவே இருக்கிறது. ஆனால் அதே கடைக்காரருடைய வீட்டைக் கட்டிக் கொடுத்த மேஸ்திரிக்கோ அத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை. அவர் செய்த பொருள் வேலை முடிந்த அன்றுகூட அல்ல, ஒவ்வொரு செங்கல்லும் சாந்திற் பதிந்த அந்தக் கணத்திலேயே நிலத்தின் அங்கமாகி, நிலத்துக்குடையவரின் உடைமையாகிவிடுகிறது. இருவருமே தம் உழைப்பையும் திறமையையும் பிறர் பொருளின்மீது செலுத்தியவர்கள்தாம். அவர்களுள் ஒருவரைச் சட்டம் காப்பதும் மற்றவரைக் கைவிடுவதும் எந்த நியாயத்தால் என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் கேள்வி.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் இக்கேள்விக்கு விடையாக ஒரு சட்ட ஏற்பாடு நெடுங்காலமாக இருந்து வருகிறது. 'மெக்கானிக்ஸ் லியன்' (கட்டியவரின் பற்றுரிமை) என்று அங்கே வழங்கும் அந்த ஏற்பாட்டின்படி, கூலியோ சரக்கின் விலையோ கிடைக்கப்பெறாத கொத்தனார், தச்சர், ஒப்பந்ததாரர், சரக்கு கொடுத்தவர் ஆகியோர், குறித்த காலத்துக்குள் தம் கோரிக்கையை நிலப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், அந்தப் பாக்கி கட்டடத்தின்மீதும் அது நிற்கும் நிலத்தின்மீதும் ஏறி நிற்கும். உடையவர் அதைத் தீர்க்காமல் வில்லங்கமின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாது. முடிவில் நீதிமன்றத்தின் மூலம் அச்சொத்தை விற்றுக்கூடப் பாக்கியை வசூலிக்கலாம். இந்தியாவில் இதற்கு நேரான சட்டம் இல்லை.

இந்த இல்லாமையைப் பற்றி இங்கே இரண்டு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. ஒப்பந்தச் சட்டமும் சிவில் நீதிமன்றமும் இருக்கையில் தனிப்பட்ட பற்றுரிமை எதற்கு என்பது ஒன்று. சட்டத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆளின் நாணயத்தைப் பார்த்து வேலைக்குக் கை வைப்பதே வழி என்பது தொழிலில் உள்ளவர்கள் பலருடைய முடிவு. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் முதலாவது கருத்து பாக்கி என்னும் கடனின் இயல்பை மறந்துவிடுகிறது. இரண்டாவது, நாணயம் என்பது எந்தச் சமூக நிலைமையில் செல்லுபடியாகும் என்பதை மறந்துவிடுகிறது.

கொங்கு நாட்டில் வீட்டு வேலை பெரும்பாலும் இரண்டு விதமாகப் பேசப்படுகிறது: சரக்கு முழுவதையும் வீட்டுக்காரர் வாங்கித் தர ஆட்கூலியை மட்டும் பேசிக்கொள்ளும் லேபர் காண்ட்ராக்ட், சரக்கோடு சேர்த்துச் சதுர அடிக்கு இன்ன ரேட் என்று பேசிக்கொள்ளும் முழுக் காண்ட்ராக்ட். எந்த விதமானாலும், முதலில் ஓர் அட்வான்ஸ், பிறகு பேஸ்மென்ட் மட்டம், லிண்டல் மட்டம், ரூஃப் கான்கிரீட், பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பணம் வரும். வேலை எப்போதும் பணத்துக்குச் சற்று முன்னே ஓடிக்கொண்டிருக்கும். கடைசித் தவணையிலேதான் ஒப்பந்ததாரரின் லாபம் அடங்கியிருக்கிறது. தகராறு எழுவதும் அங்கேயே. டைல்ஸ் தட்டினால் ஓசை வருகிறது, மாடியில் நீர் கசிகிறது, வாய்மொழியாகச் சொல்லிச் செய்த எக்ஸ்ட்ரா வேலைக்குக் கணக்கு ஒப்பவில்லை என்று பேச்சு வளரும். அக்குறைகளுள் சில மெய்யானவை, சில பணம் கொடாமைக்குக் கற்பித்த முகாந்திரங்கள். இதற்கிடையே கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை சம்பளம் நிற்பதில்லை. சிமெண்ட், கம்பிக் கடையில் பற்றுக் கணக்கு ஏறுகிறது. பில் எழுதிய ஒப்பந்ததாரர், பணம் வந்தாலும் வராவிட்டாலும், அதற்குரிய ஜி.எஸ்.டி.யைக் கட்டியாக வேண்டும். ஆகவே பாக்கி என்பது ஒருவர் தலையில் நிற்பதன்று; மேலேயிருந்து கீழே படிப்படியாக இறங்கி, தாங்கச் சக்தியற்றவர் தலையில் போய்த் தங்குவது.

2. கைவசமும் பற்றுரிமையும்

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பற்றுரிமையை அறியாததன்று. அதன் 170-ஆம் பிரிவு, ஒப்படைக்கப்பட்ட பொருளின்மீது உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், தமக்குரிய ஊதியம் கிடைக்கும் வரையில் அப்பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்கிறது. சட்டத்தை வகுத்தவர்கள் அதற்குக் காட்டிய உதாரணங்கள் இரண்டு. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வரும் வரையில் நகைத் தொழிலாளி பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டு சட்டை தைக்க இசைந்த தையற்காரர், தைத்து முடித்த சட்டையைக் கொடுக்க மறுக்க முடியாது. இவற்றிலிருந்து இரண்டு தத்துவங்கள் வெளிப்படுகின்றன: பற்றுரிமைக்கு ஆதாரம் கைவசம், கடனுக்கு இசைந்தவுடன் அது மறைந்துபோகிறது. வங்கிக்காரர் முதலிய சிலருக்குப் பொதுப் பற்றுரிமையை அளிக்கும் 171-ஆம் பிரிவிலும் கட்டட வேலைக்காரர் இடம்பெறவில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் விலை பெறாத வியாபாரிக்குச் சரக்கு தம் வசம் உள்ள மட்டுமே பற்றுரிமை தருகிறது. ஆகவே லாரியிலிருந்து கம்பியும் ஜல்லியும் மனையில் இறங்கியதும் அதுவும் தீர்ந்துவிடுகிறது.

ஜங்கம சொத்துக்கு இவ்வாறு கைவசத்தை ஆதாரமாகக் கொண்ட சட்டம், ஸ்தாவர சொத்துக்கு வரும்போது அதே விதியைப் பின்பற்றவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55(4)(ஆ) பிரிவில், முழுக் கிரயத் தொகையும் வந்து சேருமுன்பே உடைமை வாங்குபவருக்கு மாறிவிட்டால், மீதித் தொகைக்காக அந்தச் சொத்தின்மீதே விற்றவருக்கு ஒரு பொறுப்பு, அதாவது சார்ஜ், உண்டாகிறது என்கிறது. விற்றவர் நிலத்தைக் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை. பாக்கி இருப்பதை அறிந்து வாங்கியவர் கையிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. சரவணம்பட்டிப் பக்கத்திலோ காளப்பட்டியிலோ ஒருவர் தம் பூமியை விற்றுப் பாதி விலைக்குக் காத்திருந்தால் அவருக்காக நிலமே ஜாமீனாக நிற்கிறது. அந்த நிலத்தை வாங்கி, அதன்மேல் நிலத்தின் விலையைக் காட்டிலும் அதிக மதிப்புள்ள கட்டடத்தை எழுப்பச் செய்தவர், கட்டியவருக்குப் பாதிப் பணம் கொடாமற் போனாலோ, கட்டியவருக்காக ஒன்றும் நிற்பதில்லை. நிலத்தை முன்பு உடையவராயிருந்தவருக்குக் கைவசமின்றியே கிடைக்கும் பாதுகாப்பு, அந்நிலத்தின் மதிப்பைத் தம் வேர்வையால் உயர்த்தியவருக்குக் கிடைப்பதில்லை. இந்தப் பேதத்துக்கு நியாய சாஸ்திர முறையில் திருப்தியான காரணம் எதையும் நான் காணவில்லை. சரித்திரக் காரணம் மட்டுமே தெரிகிறது. ஒப்பந்தச் சட்டம், சொத்து மாற்றுச் சட்டம் இரண்டும் ஆங்கிலச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. ஆங்கிலச் சட்டம் நிலம் விற்றவருக்குப் பொறுப்பைத் தந்தது, வீடு கட்டியவருக்குத் தரவில்லை. நமது சட்டமும் அப்படியே எழுதப்பட்டது.

ஆங்கிலச் சட்டத்தை அட்சரம் பிசகாமல் பின்பற்றியே ஆகவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இருந்ததில்லை. நிலத்தில் பதிந்ததெல்லாம் நிலத்தோடு போகும் என்ற ஆங்கில விதி இந்த நாட்டின் சம்பிரதாயத்துக்கு முற்றிலும் ஒவ்வாதது என்றும், தமக்கு உரிமை உண்டென்று நல்லெண்ணத்தோடு நம்பிப் பிறர் நிலத்தில் கட்டியவர் தம் சாமான்களை எடுத்துக்கொள்ளவோ ஈடு பெறவோ உரியவர் என்றும், 1866-லேயே கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம் தாக்கூர் சந்தர் பரமானிக் வழக்கில் கூறிற்று. சென்னைச் சட்டசபையோ 1921-ல், வாடகை நிலத்தில் தம் செலவில் கட்டடம் கட்டியவர்களை நிலத்துக்காரர்கள் வெறுங்கையோடு வெளியேற்றாதவாறு, சென்னை நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. இவ்விரண்டும் கூலிக்குக் கட்டிய மேஸ்திரிக்கு உதவுவன அல்ல. ஆயினும் கட்டியவருக்கும் கட்டடத்துக்கும் உள்ள சம்பந்தம் நம் சட்ட மரபுக்கு அந்நியமானதன்று என்பதற்கு இவை சாட்சி.

3. ரோமாபுரி முதல் புதுச்சேரி வரை

நம்முடைய தர்ம சாஸ்திரங்கள் பதினெட்டு விவகார பதங்களுள் ஒன்றாகக் கூலி கொடாமையை வைத்து எண்ணின. கௌடிலீயமும் வேதனம் கொடாத எஜமானனுக்கு அபராதம் விதித்தது. கூலி கொடாமை வெறும் கடன் அல்ல, தண்டனைக்குரிய குற்றம் என்பது அவற்றின் நோக்கு. ஆனால் அவை குற்றத்தை மனிதன்மேல் வைத்தனவேயன்றி, கட்டிய பொருளின்மேல் ஏற்றவில்லை.

பொருளின்மேல் ஏற்றும் எண்ணம் ரோமாபுரியில் தோன்றியது. இடிந்த வீட்டைப் புதுப்பிக்கப் பணம் உதவியவருக்கு அந்த வீட்டின்மீதே ஈட்டுரிமை உண்டு என்று மார்க்கஸ் அரேலியஸ் காலத்தில் செனட் சபை தீர்மானித்தது. 1791-ல், புதிய தலைநகரான வாஷிங்டன் எழும்பத் தொடங்கிய சமயத்தில், மேரிலாந்துச் சட்டசபை, எழுத்து மூலமாக ஒப்பந்தம் செய்து அதைப் பதிவும் செய்துகொண்ட கட்டுநருக்கு அந்நகரத்துக் கட்டடத்தின்மீது பற்றுரிமை அளித்தது. காட்டுப் பிரதேசத்தில் நகரம் உண்டாக்க வேண்டியிருந்தது. முதலும் இல்லை, தொழிலாளரும் இல்லை. வேலைக்காரரைக் கூலி பறிபோகாது என்ற தைரியத்தோடு வரவழைப்பதே அதன் உத்தேசம். ஆகவே தொழிலாளர்பால் இரக்கம் மட்டுமே அதைப் பிறப்பித்தது என்று கொள்வது சரியன்று. கட்டடங்கள் விரைவில் எழவேண்டும் என்ற ஆட்சியாளரின் சுயநலமும் அதில் இருந்தது. பென்ஸில்வேனியா 1803-ல் பின்தொடர்ந்தது. நாளடைவில் அந்நாட்டு மாகாணங்கள் யாவும் ஏற்றுக்கொண்டன. கனடாவின் ஒன்டாரியோவில் 1873-ல் வந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இவற்றினும் நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. அது போதிய கவனம் பெற்றதில்லை. 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பு, தன் 2103-ஆம் பிரிவில், கட்டடம் எழுப்பிய சிற்பிகள், ஒப்பந்ததாரர்கள், கொத்தனார்கள், பிற வேலையாட்கள் ஆகியோருக்கு அக்கட்டடத்தின்மீது முன்னுரிமை வழங்கிற்று. அதற்கு விதித்த நிபந்தனைகள் நுட்பமானவை: வேலை தொடங்குமுன் நீதிமன்றம் நியமித்த நிபுணர் மனையின் நிலைமையைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும், முடிந்த ஆறு மாதத்துக்குள் மறுபடி பார்த்து வேலையை ஏற்கவேண்டும், முன்னுரிமையோ அவ்வேலையால் சொத்துக்கு ஏறிய மதிப்பளவுக்கு மட்டுமே. அத்தொகுப்பு 1819-ல் புதுச்சேரியில் பிரகடனமாயிற்று. ஆகவே, எத்தனை கொத்தனார்கள் அதை உபயோகித்தார்கள் என்பது வேறு விஷயமாயினும், தமிழ் பேசும் மண்ணில் ஒரு பகுதியிலே கட்டியவரின் முன்னுரிமை சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றிருந்தது. பிரெஞ்சுப் பகுதிகள் இந்தியாவோடு இணைந்து, 1960-களில் இந்தியச் சட்டங்கள் அங்கே விரிவுபடுத்தப்பட்டபோது, இந்தியச் சொத்துச் சட்டத்தில் அதற்கு இடமில்லாமற் போயிற்று. பற்றுரிமை இந்தியச் சூழ்நிலைக்கு இறக்குமதிச் சரக்கு என்று சொல்பவர்கள், அது இல்லாத ஆங்கிலச் சட்டமும் இறக்குமதியே என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

4. இன்று கையிலிருக்கும் பரிகாரங்கள்

பாக்கிக்காரர்மேல் சிவில் தாவா போடுவது முதலாவது வழி. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 18-ஆம் இனத்தில், பணம் கொடுக்கத் தேதி குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருஷ காலம் தருகிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாவிடினும், இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்த வேலையின் பயனை அனுபவித்தவர் ஈடு கொடுக்கவேண்டும் என்ற ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு துணை நிற்கும், உச்சநீதிமன்றம் பி. கே. மண்டல் வழக்கில் அரசாங்கத்தின் மேலேயே அதைச் செலுத்திற்று. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017-ல் நூற்றுக்கு ஏழரையிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டது; வாசல் முன்பைவிட அகலமாயிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

இடர்ப்பாடு வாசலில் இல்லை. தாவா நடக்கும் காலத்தில் சொத்து என்னவாகிறது என்பதில் இருக்கிறது. சொத்தின் உரிமை நேரடியாக விவாதத்தில் இருந்தால்தான் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வழக்குக் காலத்து விற்பனையைக் கட்டுப்படுத்தும். வெறும் பணத்துக்கான தாவாவில் அதற்கு இடமில்லை. தீர்ப்புக்கு முன்னரே ஜப்தி செய்யும்படி சிவில் நடைமுறைத் தொகுப்பின் 38-ஆம் கட்டளை, 5-ஆம் விதியின் கீழ் மனுச் செய்யலாம். ஆனால் ராமன் டெக் எதிர் சோலங்கி டிரேடர்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், அந்த அதிகாரம் அசாதாரணமானது, ஈடற்ற கடனை ஈடுள்ள கடனாக மாற்றும் கருவியாக அதைப் பயன்படுத்தலாகாது, எதிரி தீர்ப்பைத் தட்டிக்கழிக்கும் நோக்கத்தோடு சொத்தை அப்புறப்படுத்த முனைகிறார் என்று நிரூபிக்க வேண்டும் என்று தெளிவாக்கிற்று. கட்டடம் கட்டியவருக்கு வேண்டியிருப்பது ஈடற்ற கடன் ஈடுள்ள கடனாவதுதான். எதை அவர் வேண்டுகிறாரோ அதையே தரமுடியாது என்பது இன்றைய சட்டத்தின் நிலை. மத்தியஸ்த ஒப்பந்தம் உள்ள பெரிய வேலைகளில், 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி இடைக்காலப் பாதுகாப்புக் கேட்கலாம். அங்கேயும் 38-ஆம் கட்டளையின் கட்டுப்பாடுகள் முழுதும் பொருந்துமா என்பதில், 2022 செப்டம்பர் ஒரே மாதத்தில், எஸ்ஸார் ஹவுஸ் வழக்கும் சங்கி இண்டஸ்ட்ரீஸ் வழக்கும் வெவ்வேறு போக்கில் தீர்க்கப்பட்டன.

கொங்கு நாட்டுக்கே முக்கியமான இடையூறு இன்னொன்று உண்டு. தோட்டத்துச் சாளை வீட்டை இடித்துவிட்டு அங்கேயே பெரிய கான்கிரீட் வீடு கட்டிக்கொள்வது இப்பிரதேசத்து விவசாயக் குடும்பங்களில் பரவலாகிவிட்டது. சிவில் நடைமுறைத் தொகுப்பின் 60(1)(இ) பிரிவோ, சொந்தமாகப் பயிர்செய்து அதையே பிரதான ஜீவனமாகக் கொண்ட விவசாயி குடியிருக்கும் வீட்டையும், கூலித் தொழிலாளி குடியிருக்கும் வீட்டையும் ஜப்திக்கு அப்பாற்பட்டவையாக்கியிருக்கிறது. கடன்காரர் கையிலிருந்து ஏழைக் குடியானவனைக் காக்கும் உயர்ந்த நோக்கத்தோடு எழுந்த விதி அது. அதை ஒருபோதும் குறைகூற மாட்டேன். கொத்தனாரின் ஓட்டு வீட்டைக் காப்பதும் அதுவே. ஆயினும் அந்த வீட்டைக் கட்டியதற்கான கூலிப் பாக்கிக்கும் அது கேடயமாக நிற்கும்போது, விதியின் நோக்கமும் விளைவும் பிரிந்துபோகின்றன. வீட்டுக்கடன் கொடுத்த வங்கி அடமானத்தின் மூலம் இந்த விலக்கைக் கடந்துவிடுகிறது. கட்டியவர் மட்டுமே அதன்முன் நின்றுவிடுகிறார்.

சிறுதொழில் நடத்துபவர்களுக்கு 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் ஒரு நல்ல ஆயுதம். பதிவு செய்துகொண்ட குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாட்களுக்கு மேற்படாத தவணைக்குள் பணம் கொடுக்கவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். தகராறுகளைத் தீர்க்க வசதியாக்க மன்றம் இருக்கிறது, தமிழ்நாட்டில் அத்தகைய மண்டல மன்றங்களுள் ஒன்று கோயம்புத்தூரில் உள்ளது. அதன் தீர்ப்பை எதிர்க்க விரும்புபவர் தொகையில் 75 சதவீதத்தை முன்னதாகக் கட்டவேண்டும். பம்பு உதிரிபாகம் செய்பவருக்கும் வார்ப்படத் தொழில் நடத்துபவருக்கும் இது பெரும் துணை. ஆனால் சரக்கும் உழைப்பும் கலந்த கட்டட ஒப்பந்தம் இச்சட்டத்தினுள் அடங்குமா என்பதில் உயர்நீதிமன்றங்கள் ஒருமித்த கருத்துடையனவாக இல்லை. அடங்காது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஒப்பந்தத்துக்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டுமா என்ற கேள்வியை உச்சநீதிமன்றம் 2025 ஜனவரியில் பெரிய ஆயத்துக்கு அனுப்பியது. இவை யாவும் தீர்ந்தாலும், மன்றத்தின் தீர்ப்பு பணத்துக்கான தீர்ப்பே. கட்டடத்தின்மீது அது தானாக ஏறாது. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் கம்பெனிகளுக்கு எதிரானது; அதன் குறைந்தபட்சத் தொகை 2020 மார்ச்சில் ஒரு கோடி ரூபாயாக உயர்த்தப்பட்ட பின்னர், சிறு ஒப்பந்ததாரர் அதன் அருகில்கூடப் போக முடியாது.

போலீஸ் நிலையத்துக்குப் போவோர் பலர். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தாலன்றி ஒப்பந்தத்தை மீறுவது மோசடிக் குற்றமாகாது என்று உச்சநீதிமன்றம் பலமுறை கூறிவிட்டபடியால், சிவில் விவகாரம் என்ற பதிலே அங்கே கிடைக்கும். அது சட்டப்படி சரியான பதிலுங்கூட. பின் எஞ்சுவது ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசித் தீர்ப்பது. ஒரே ஊரில், ஒரே சந்தையில், ஒருவரையொருவர் தலைமுறையாய் அறிந்து வாழ்ந்த காலத்தில் அதற்கு இருந்த சக்தியைக் குறைத்து மதிப்பிடலாகாது. பாக்கி வைத்தவர் என்ற பெயர் எடுத்தவருக்கு அடுத்த வேலைக்கு ஆள் கிடைக்காது. ஆனால் இன்று அவிநாசி சாலையிலும் திருப்பூரிலும் கட்டடம் எழுப்புபவர் எந்த ஊர்க்காரரோ. வாங்குபவர் எங்கேயோ உத்தியோகம் பார்ப்பவர். வேலை செய்பவரோ பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர். பழிக்கு அஞ்சும் சூழல் இல்லாத இடத்தில் நாணயத்தை மட்டும் நம்பச் சொல்வது, பலவீனமானவரைப் பலமுள்ளவரின் தயவில் விடுவதேயாகும்.

கீழ்ப்படியில் உள்ளவர்களின் நிலை இதனினும் கொடியது. ஒப்பந்ததாரர் கூலி கொடாவிட்டால் பிரதான எஜமானர் கொடுக்கவேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 21(4) பிரிவில் விதித்தது. பற்றுரிமையின் தத்துவத்துக்கு நம் சட்டத்தில் மிக நெருங்கி வந்த விதி அதுவே. ஆனால் அது 20 பேருக்குக் குறைந்த இடங்களைத் தொடவில்லை; அதன் இடத்தில் வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 50 ஆக உயர்த்தியிருக்கிறது. எட்டுப் பேரைக் கொண்டு வீடு கட்டும் மேஸ்திரியின் கீழுள்ள சித்தாளுக்கு அது எட்டாது. ஒரு வாரக் கூலி நின்றாலே கந்துவட்டிக்காரரிடம் போகவேண்டிய அப்பெண்ணுக்கு மூன்று வருஷக் காலவரையறை தருவது கேலியாகும் என்றே தோன்றுகிறது.

5. எதிர்வாதங்களின் கனம்

பற்றுரிமைக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுள் கனமான வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிவிடுவது நேர்மையாகாது. அடுக்குமாடி வீட்டை ஆயுட்காலச் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து வாங்குகிற ஆசிரியையோ மில் தொழிலாளியோ கட்டுநருக்குப் பணத்தை முழுவதும் கட்டிவிடுகிறார். கட்டுநர் துணை ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பாக்கி வாங்கியவர் வீட்டின்மேல் ஏறினால் குற்றமற்றவர் இரட்டைப் பணம் கொடுக்க நேரும். அமெரிக்காவில் வீட்டுக்காரர்கள் இக்கஷ்டத்தை மெய்யாகவே அனுபவித்திருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், விற்பனை ஒப்பந்தத்துக்குப் பிறகு கட்டுநர் உண்டாக்கும் அடமானமோ பொறுப்போ ஒதுக்கீடு பெற்றவரைப் பாதிக்காது என்று 11(4)(ஏ) பிரிவில் கூறுவதும் இந்த அபாயத்தை உத்தேசித்தே. அச்சட்டமே வாங்குவோரிடம் பெற்ற தொகையில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து, நிலத்தின் விலைக்கும் கட்டுமானச் செலவுக்கும் மட்டுமே எடுக்கவேண்டும் என்கிறது. எனவே அடுக்குமாடி விஷயத்தில் கட்டியவரின் உரிமை வாங்கியவரின் சுவர்மேல் ஏறவேண்டியதில்லை. அந்தக் கணக்கின்மேலும் விற்காத வீடுகளின்மேலும் ஏறினால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

பொய்க் கோரிக்கைகளைப் பதிந்து வீட்டுக்காரரை மிரட்டுவார்கள் என்பது மற்றொரு வாதம். வில்லங்கச் சான்றில் ஒரு வரி ஏறினாலே விற்பனை நின்றுபோகும் நாட்டில் இந்தப் பயம் அர்த்தமற்றதன்று. பத்திரப் பதிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்தவுடனேயே பற்றுரிமை பிறக்கும் அமெரிக்க முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால், யோக்கியமான மேஸ்திரிகளைவிட அயோக்கியமான தரகர்களே அதனால் அதிகம் பயனடைவார்கள் என்று அஞ்சுகிறேன். வங்கிகளின் ஆட்சேபமோ இவ்வளவு கனமுடையதன்று. கட்டம் கட்டமாக இன்ஜினீயர் சான்று பார்த்துக் கடனை விடுவிக்கும் வங்கி, முந்தைய கட்டத்துக் கூலி தீர்ந்ததா என்று ஒரு ரசீது கேட்பதில் சிரமம் எதுவும் இல்லை.

6. எத்தகைய சீர்திருத்தம் பொருந்தும்

ஆங்கிலச் சட்டமே தன் பழைய குறையைப் பற்றுரிமையால் அல்லாமல் வேறு வழியால் நிரப்பிக்கொண்டது. பிரிட்டனின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டுமான ஒப்பந்தத் தகராறை எந்நேரத்திலும் நிபுணர் ஒருவரிடம் கொண்டுபோய் 28 நாட்களுக்குள் தீர்ப்புப் பெறலாம் என்றும், மேலேயிருந்து வந்தால்தான் கீழே கொடுப்பேன் என்ற நிபந்தனை பொதுவாகச் செல்லாது என்றும் விதித்தது. சிங்கப்பூர் 2004-லும் மலேசியா 2012-லும் இதையொத்த சட்டங்களை இயற்றின. தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர் கட்டடங்கள் எழுப்பும் அந்நாடுகளில், அவர்களை வேலைக்கு வைத்த துணை ஒப்பந்ததாரருக்கு உள்ள விரைவான பரிகாரம், அவர்கள் சொந்த ஊரில் வீடு கட்டும் ஒப்பந்ததாரருக்கு இல்லை.

நிபுணர் தீர்ப்பு, பற்றுரிமை என்னும் இவ்விரண்டு முறைகளையும் இணைப்பதே கொங்கு நாட்டின் நிலைமைக்கு ஏற்றது. முதலில் நிபுணர் தீர்ப்பு. அளவெடுத்து, குறைகளை மதிப்பிட்டு, கொடுக்கவேண்டியது இவ்வளவு என்று ஒரு மாதத்துக்குள் அவர் எழுதவேண்டும். அத்தீர்ப்பின் தொகை குறித்த நாட்களுக்குள் வராவிட்டால், பிறகே அது சொத்தின் வில்லங்கப் பதிவில் ஏறவேண்டும். வீட்டுக்காரர் இன்னும் கொடுக்க வேண்டிய பாக்கியின் அளவுக்கும், பிரெஞ்சுத் தொகுப்பு சொன்னவாறு வேலையால் ஏறிய மதிப்பின் அளவுக்கும் மேல் போகக்கூடாது. பொய்க் கோரிக்கைக்கு இதில் இடமில்லை. இரட்டைப் பணத்துக்கும் இடமில்லை. 60-ஆம் பிரிவின் விலக்கு இத்தொகைக்கு மட்டும் பொருந்தாது என்று ஒரு வாக்கியம் சேர்த்தால், தோட்டத்து வீட்டைக் கட்டிய மேஸ்திரியும் காப்பாற்றப்படுவார். எல்லாவற்றிற்கும் மேலாக, வசூலாகும் தொகையிலிருந்து முதலில் தினக்கூலிப் பாக்கியும், அடுத்துத் துணை ஒப்பந்ததாரர், சரக்குக் கடைக்காரர் பாக்கியும் தீர்ந்த பின்னரே பிரதான ஒப்பந்ததாரர் கையில் மீதி சேரவேண்டும். இந்த வரிசையை விட்டுவிட்டு இயற்றப்படும் சட்டம் ஒப்பந்ததாரர்களின் சட்டமாக முடியுமேயன்றி, கட்டியவர்களின் சட்டமாகாது.

அத்தகைய சட்டம் வரும் வரையில், இன்றுள்ள சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, இருதரப்பும் இசைந்து ஸ்தாவர சொத்தின்மீது பொறுப்பு உண்டாக்கிக்கொள்வதை அனுமதிக்கிறது. முத்திரைத் தீர்வை செலுத்தி அதைப் பதிவு செய்துவிட்டால், பின்னால் வாங்குபவர் அறியவில்லை என்று சொல்ல முடியாது. பெரிய தொகைக்கு வேலை எடுக்கும் ஒப்பந்ததாரர், கடைசித் தவணைக்காவது இப்பொறுப்பை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கலாம்; வங்கியின் அடமானத்துக்குப் பின்னே நின்றாலும் அது வெறுங்கையைவிட மேலானது. சிறு மேஸ்திரிக்கு இவ்வளவு இயலாது. அவர் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அளவையும், அதுவரை வந்த பணத்தையும், நிற்கும் பாக்கியையும், எக்ஸ்ட்ரா வேலையையும் ஒரு நோட்டில் எழுதி, வீட்டுக்காரரின் கையெழுத்தைத் தேதியோடு வாங்கிக்கொள்ளவேண்டும். காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி, கெடு முடியுமுன் கையெழுத்தோடு ஒப்புக்கொண்ட பாக்கிக்கு அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம் தொடங்குகிறது.